பிடி வெள்ளவத்தையில், அலகு கொட்டாஞ்சேனையில்

மடிக்கிற சவரக்கத்தியைப் பழுது பார்க்கிறவளுக்குத் தொழிலில் ஒரே ஒரு கவலைதான் இருக்க வேண்டும்: மடிக்கும்போது அலகு பிடியின் நடுவில் போய் நிற்கிறதா, இல்லை ஒரு பக்கம் தட்டுகிறதா என்பது. தட்டினால் கூர் போய்விடும், பிடியும் உள்ளுக்குள் வெட்டுப்படும். பட்டம் ஒட்டுகிற மெல்லிய கடதாசியில் ஒரு துண்டை அலகுக்கும் பிடிக்கும் இடையில் விட்டு இழுத்துப் பார்ப்போம். இரண்டு பக்கமும் கிழியாமல் வந்தால் வேலை சரி. மற்றக் கவலைகளெல்லாம் நான் வெளியில் இருந்து கொண்டுவந்து சேர்த்தவை.

நான் சொல்வது இப்போது சலூன்களில் பாதி பிளேட்டைச் செருகி வழிக்கிற கத்தியை அல்ல. தேயிலைத் தோட்டத்துத் துரைமாரும் வழக்குப் பார்க்கிற பெரிய பிரக்கிராசிமாரும் மேசையில் வைத்திருந்த பழைய சாமான். யானைத்தந்தம், ஆமையோடு, எருமைக் கொம்பு என்று பிடி இருக்கும். அதில் முத்துச்சிப்பியில் பூவும், வெள்ளிக் கம்பியில் கொடியும் பதித்திருப்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கொட்டாஞ்சேனையில் சிப்பியில் தோடு வெட்டுகிற பட்டறைக்குப் போனவள். அங்கே சிப்பி அறுக்கிற வாள்களுக்குச் சாணை பிடிக்க வருகிறவராக இருந்தார் என் கணவர் தவராசா. கலியாணத்துக்குப் பிறகு ஒரே மேசையில் இரண்டு பக்கமும் இருந்து, அவர் அலகையும் நான் பிடியையும் செய்தோம்.

பிறகு சண்டைக் காலம் வந்தது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. தமிழர் வீட்டில் தங்குகிறவர்கள் எல்லாரையும் வீட்டுக்காரர் பொலிசில் பதிய வேண்டும். எனக்கு அடையாள அட்டையில் கொழும்பு. அவருக்குச் சண்டை நடக்கிற முல்லைத்தீவு. கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு அறை தந்திருந்தவர் பயந்து எங்களை அறையை விட்டு எழுப்பிவிட்டார். கடைசியில் வெள்ளவத்தையில் மகேஸ் அன்ரி என்கிற விதவை தன் வீட்டுப் பின்னறையை எனக்கு மட்டும் தந்தார். முன்பு குடியிருந்த ஒரு பெடியனைத் தேடி வந்த பொலிஸ்காரர், அவன் இல்லாததால் அன்ரியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ப் பின்னேரம் வரை வாங்கில் இருத்தி வைத்திருந்தார்களாம். அதன் பிறகு அவர் போட்ட சட்டம், “ஆம்பிளையும் வேண்டாம், ஆயுதமும் வேண்டாம்.” அந்த நாட்களில் கொழும்பில் அறை தேடி அலைந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உங்களுக்கும் ஒரு மகேஸ் அன்ரி இருந்திருப்பார்.

என் கணவர் கொட்டாஞ்சேனையிலேயே, முத்தையா அண்ணன் என்பவரின் சலூனில் ஒதுங்கினார். அலகுகள் அவரோடு போயின. பிடிகள் என்னோடு வந்தன. மறுபடியும் ஒரே கூரையின் கீழ் எப்போது இருக்கப் போகிறோம் என்பதுதான் எனக்கு இருந்த யோசனை. மற்றதெல்லாம் அதைச் சுற்றி நடந்தவைதான்.

தகரக் கத்தி

அலகைப் பார்க்காமல் பிடியைச் செதுக்க முடியாது. சட்டை தைக்க உடம்பின் அளவு வேண்டும் என்பது மாதிரித்தான். அதற்கு இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பால்மாப் பேணித் தகரத்தில் அலகை வைத்துக் கீறி வெட்டுவார். தடிப்புக்காக இரண்டு மூன்று தகரத்தை ஒன்றாக ஒட்டுவார். முனையை நன்றாக மழுக்கி விடுவார். நான் அந்தத் தகரத்தை அலகாக நினைத்துக்கொண்டு பிடியைச் சரிப்படுத்துவேன். ஒரு தகரக் கத்தியில் பேணியில் அச்சடித்திருந்த பசுப் படத்தின் கண் அப்படியே இருந்தது. வேலை செய்யும்போதெல்லாம் அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் நான் குளித்துவிட்டு வர, அன்ரி என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். பசுக்கண் தகரத்தை இரண்டு விரலால், செத்த பல்லியைத் தூக்குகிற மாதிரிப் பிடித்திருந்தார். நான் ஓடிப் போய், இது வெறும் தகரம், வாழைப்பழத்தைக்கூட வெட்டாது என்று சொல்லி, என் கையிலேயே இழுத்துக் காட்டினேன். கையில் கோடுகூட விழவில்லை. அன்ரி என் கையையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வீட்டில் வெங்காயம் அரிய ஒரே ஒரு சின்னக் கத்திதான் இருந்தது, அதையும் அவர் அரிசி வாளிக்குள் ஒளித்து வைப்பார். அப்படிப்பட்டவரிடம் நான் என்னத்தைச் சொல்ல. தகரத்தை மேசையில் வைத்துவிட்டு அன்ரி சொன்னார்: “வெட்டாதெண்டு உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வாறவங்களுக்குத் தெரியுமோ? உம்மடை மனுசனிட்ட வடிவத்தைக் கொஞ்சம் மாத்தி வெட்டச் சொல்லும் பிள்ளை.”

வெறும் பிடி

பையில் கத்தி இல்லாததால் எனக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பிடிகளோடு கொட்டாஞ்சேனைப் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு எப்போதும் இப்படித்தான், எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். கோட்டைக்கு முன்னால் எல்லாரையும் இறக்கினார்கள். பெண் கொன்ஸ்தாபிள் ஒருத்தி என் பையைத் திறந்து, துணிக்குள் சுற்றியிருந்த பிடிகளை எடுத்தாள். சிப்பிப் பூவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கொண்டைக்குக் குத்துகிற சாமான் என்று நினைத்தாளோ என்னவோ, தலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கூடப் பார்த்தாள். பிறகு பிடியின் இரண்டு பக்க ஓடுகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கண்டாள். உள்ளே ஏதோ இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. உடனே மேலதிகாரியைக் கூப்பிட்டாள்.

அவர் பிடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேக்கே பிஹிய கோ?” என்றார். இதற்குரிய கத்தி எங்கே என்று கேட்கிறார். கத்தியோடு வந்திருந்தால் கத்தியை மட்டும்தான் கேட்டிருப்பார்கள். இப்போது இல்லாத கத்தியைக் கேட்டார்கள், இல்லாததை எப்படிக் காட்டுவது? கொட்டாஞ்சேனையில், என் கணவரிடம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஏன் அவரிடம்? அவர்தான் சாணை பிடிப்பார். அப்படியானால் நீ ஏன் வெள்ளவத்தையில்? பஸ் போய்விட்டது. மதிலோரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். யாரோ ஒரு பழைய ஆளைக் கூட்டி வந்து பிடியைக் காட்ட, அவர் தாடையைத் தடவிக் காட்டிச் சிரித்த பிறகுதான் விட்டார்கள். அன்று முழுவதும் ஒரு சிப்பி இதழ்கூட வெட்ட முடியவில்லை. பிடிகளைத் திருப்பித் தரும்போது அந்த அதிகாரி, எனக்கு விளங்க வேண்டும் என்று கஷ்டப்பட்டுத் தமிழில், ஐயாவுக்கு மாத்தயா, அம்மாவுக்கு நோனா என்று சிங்களமும் கலந்து சொன்னார்: “கத்தி மாத்தயாகிட்ட. புடி நோனாகிட்ட. அது நல்லது நோனா, வீட்டில சண்ட வராது.”

பூ எந்தப் பக்கம்

எங்களுக்கு வேலை தருகிறவர் காலி வீதியில் பழஞ்சாமான் கடை வைத்திருந்த ஹாஜியார். மலைநாட்டுப் பங்களாக்களில் ஏலம் போகிற இடமெல்லாம் போய், மணிக்கூடு, கண்ணாடி, சவரப்பெட்டி என்று அள்ளிக்கொண்டு வருவார். ஒரு தடவை ஆமையோட்டுப் பிடி ஒன்றைத் தந்தார். அதில் ஒரு பக்கத்தில் மட்டும் சிப்பித் தாமரை பதிக்க வேண்டும். வாங்கப் போகிறவர் வயதான ஒரு பிரக்கிராசி. நாவிதர் வீட்டுக்கு வந்து அவருக்கு வழித்துவிடுவாராம்.

அலகுக்கு முகம் உண்டு. செய்தவர்களின் முத்திரை ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பூவும் அந்தப் பக்கத்தில்தான் வர வேண்டும். ஆனால் தகரத்துக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. ஒரே மேசையில் இருந்து செய்த காலத்தில் இப்படி ஒரு பிழை எங்களுக்கு வந்ததே இல்லை. நான் தகரத்தைப் புரட்டி வைத்து, அதற்கேற்றபடி தாமரையைப் பதித்து, இரண்டு ஓட்டையும் சேர்க்கிற அடிப்பக்கத்து ஆப்பையும் இறுக்கிவிட்டேன். கொட்டாஞ்சேனையில் அலகைப் பூட்டியபோது முத்திரை ஒரு பக்கம், தாமரை மறுபக்கம். திரும்பப் பிரித்தால் ஆமையோடு வெடிக்கும். இவர் அன்றிலிருந்து ஒவ்வொரு தகரத்திலும் முகப் பக்கத்தில் ஆணியால் ஒரு புள்ளி குத்தி அனுப்பத் தொடங்கினார். நான் அழுகிற முகத்தோடு போய் ஹாஜியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியைத் திறந்து, தன் கழுத்தில் வைத்துப் பார்த்து, யோசித்துவிட்டுச் சொன்னார்: “பூவு இப்ப செரைக்கிறவன்ட கண்ணுக்குத்தான் படும் புள்ள. பரவால்ல, சாமானுக்குச் சொந்தக்காரன் அந்த நேரம் கண்ண மூடிட்டுத்தானே ஈக்கிறான்.”

சாய்கதிரை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சலூன் பூட்டியிருக்கும். பின்பக்கக் கதவால் நான் போவேன். தேயிலைத் தோட்டப் பக்கமான அட்டனில் இருந்து வந்து கொட்டாஞ்சேனையில் கடை போட்டவர் முத்தையா அண்ணன். என் கணவரைத் தன் வேலைக்காரர் என்று பொலிசில் பதிந்து வைத்திருந்தார். படுக்க இடமில்லை. முடி வெட்டுகிற சாய்கதிரையைப் பின்னால் சரித்து, கால் வைக்கிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதில்தான் இவர் படுப்பார். கண்ணைத் திறந்தால் சுற்றிவரக் கண்ணாடியில் தானேதான் தெரிவாராம். எழும்புகிற போது ஒரு சனக்கூட்டமே எழும்புகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அலகையும் பிடியையும் ஆணியால் பூட்டுகிற வேலையை மட்டும் ஒருவராகச் செய்ய முடியாது. நான் பிடியை இரும்புக் கட்டையில் அசையாமல் பிடிக்க, இவர் பித்தளை ஆணியின் தலையைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பரத்துவார். பலமாக அடித்தால் தந்தம் வெடித்துவிடும், மெல்லத்தான் தட்ட வேண்டும். இவர் அதைவிடவும் மெல்லத் தட்டினார். “இருமல் சுகமோ?” ஒரு தட்டு. “சிப்பியைத் தண்ணிக்குள்ள வைச்சுத்தானே அராவுறீர்?” ஒரு தட்டு. “அன்ரி ஏதும் கதைச்சவவோ, என்னைப் பற்றி?” அதற்கு நான் இல்லை என்று சொல்ல, அடுத்த தட்டு விழக் கொஞ்சம் நேரமாகும். ஆணி பூட்டி முடிந்தால் எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதனால் அது சீக்கிரம் முடியாது. கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முத்தையா அண்ணன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: “ஒத்த ஆணிக்கு இம்புட்டு நேரமா தங்கச்சி? எங்க தோட்டத்துல இந்நேரத்துக்கு ஒரு லயத்தையே கட்டி, குடியும் ஏத்தியிருப்பாங்க.”

கழுவ வேண்டாம்

இந்தத் தொழிலில் முதல் வேலை கழுவுவது. பிடியின் உள்ளுக்குள் பழைய சவர்க்காரம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருக்கும், அதில் ஒட்டிக்கொண்டு தாடி மயிரும் இருக்கும். ஊசியால் கிண்டி, பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகுதான் மற்ற வேலை. ஒரு அம்மா, என்னைவிடக் கொஞ்சம் வயது கூடியவர், ஹாஜியாரிடம் விலாசம் கேட்டு என் அறைக்கு வந்தார். அன்ரியின் கண்ணில் படாமல் பைக்குள் வைத்திருந்தது, கொம்புப் பிடியில் வெள்ளிக் கொடி போட்ட கத்தி. அவருடைய தகப்பனாருடையதாம். பிறகு மகன் அதை எடுத்துப் பாவிக்கப் பழகியிருக்கிறான். மற்றப் பெடியன்கள் எல்லாம் புது ரேசர் வாங்க, இவனுக்கு மட்டும் இதுதான் பிடிக்குமாம். ராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டு போனார்கள், எங்கே என்று இன்னும் சொல்லவில்லை என்றார். கடைக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரித்தான் அதைச் சொன்னார்.

கொடியின் ஒரு துண்டு கழன்றிருந்தது, அதை வைக்க வேண்டும், அலகைத் தீட்ட வேண்டும். ஆனால் உள்ளுக்குள் கழுவக் கூடாது. அதுதான் அவருடைய நிபந்தனை. கழுவாவிட்டால் துரு உள்ளே இருந்தே தின்றுவிடும் அம்மா என்றேன். அவர் பிடியின் இடுக்கைச் சேலைத் தலைப்பால் மூடி, விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவே கத்தியைச் சலூனுக்குக் கொண்டு வந்து தர, இவரிடம் காட்டினேன். கழுவாமலே பிடியை எண்ணெய்த் துணியால் சுற்றி, அது நனையாமல் அலகை மட்டும் தீட்டித் தந்தார். ஒரு வேலைக்கு அவ்வளவு பாடுபட்டதை நான் பார்த்ததில்லை. சலூனுக்கு வந்து வாங்கியபோது அந்த அம்மா தன் முழங்கையில் இரண்டு மயிரை வழித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். போகும்போது சொன்னார்: “நல்ல கூர். இவ்வளவு நாளில தாடி நெஞ்சுவரைக்கும் வளர்ந்திருக்கும், வந்த உடன வழிக்க வேணும்.”

சேலைகளுக்குக் கீழே

ஒரு மத்தியானம் அன்ரி என் அறைக் கதவைத் தட்டினார். வாடகை நாள் இல்லை. அறையை விட்டு எழுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தி, யன்னலையும் சாத்தி, சேலைக்குள் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூச்சி உருண்டை மணம். பிரித்தால், மஞ்சள் ஏறிய தந்தப் பிடி, வெள்ளிக் கொடி, சிப்பியில் முந்திரிகைக் குலை, அதுதான் திராட்சை. குலையில் இரண்டு பழம் விழுந்திருந்தது. அலகு துருவேறிப் பிடியோடு ஒட்டிப் போயிருந்தது. இத்தனை காலமாக அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே இருந்திருக்கிறது. சோதனைக்கு வந்தவர்கள் அந்த அலுமாரியைத் திறந்து பார்த்ததும் எனக்குத் தெரியும். அன்ரி அப்போது அதன் முன்னால்தான் நின்றிருப்பார்.

அன்ரியின் கணவர், அன்ரி என்னிடம் மாமா என்று சொல்கிறவர், ரயில்வே ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். மாப்பிள்ளைக் கோலம் போட முன்னம் நாவிதர் வந்து முகம் வழிக்கிற சடங்கு நடந்ததே, அன்று பெண் வீட்டார் கொடுத்த கத்தி இது. இப்போது ரொறொன்ரோவில் இருக்கிற மகனுக்குக் கலியாணம். அங்கே நாவிதர் கிடைக்கமாட்டார், பரவாயில்லை, தகப்பனின் கத்தியால் தானே ஒரு தரம் கன்னத்தைத் தொட்டாலும் போதும் என்றார். தெரிந்த ஒருவர் கனடாவுக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். என் தகரத்துக்கே பயந்தவர் அவர். கடைசியில் கேட்டுவிட்டேன், இந்த வீட்டில் கத்தி இருக்கக் கூடாது என்று சொன்னீர்களே அன்ரி என்று. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, இவ்வளவு விளங்காதவளா என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. “இது கத்தியில்லைப் பிள்ளை, இது மாமான்ரை.”

இன்னும் தட்டுது

கத்தியைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்ப அன்ரி சம்மதிக்கவில்லை. சாவடியில் பறித்தால் யாரிடம் கேட்பது? அதுவும் சரிதான். இரண்டு நாள் யோசித்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார், பகலில் வேலைக்கு வருகிற ஆளைப் பதியத் தேவையில்லைத்தானே, குழாய் திருத்துகிறவன் வருகிறான், போகிறான். அப்படித்தான் என் கணவர் அந்த வீட்டுக்கு முதல் தடவை வந்தார். கல்லையும் சுத்தியலையும் ஈரத் துவாயில் சுற்றிக்கொண்டு, குழாய் திருத்துகிறவர் மாதிரிப் பின்பக்கத்தால் வந்தார். அன்ரி சமைக்கிற குசினியில் ஒரு பலகையைப் போட்டு, இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அன்ரி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார், தெருவில் வாகனம் நின்றால் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இருப்பார். மத்தியானம் மூன்று தட்டில் சோறு போட்டார். பருப்பும் நெத்தலிக் குழம்பும். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். பின்னேரம் கடைசி பஸ்ஸுக்கு முதல் இவர் போய்விட்டார்.

துருவை எண்ணெயில் ஊற வைத்து, சிப்பிப் பழம் பதித்து, அலகு தீட்டி, ஆணி பூட்டும் வரை தினமும் வந்தார். முடிந்த அன்று கடதாசித் துண்டை விட்டு இழுத்தேன். இந்தப் பக்கமும் வந்தது, அந்தப் பக்கமும் வந்தது. அன்ரியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கத்தியை வாங்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து மடித்து, “தட்டுதே” என்றார். இவர் ஆணியைக் கழற்றிவிட்டு, அடுத்த நாள் வந்து திரும்பப் பூட்டினார். திரும்பவும் “தட்டுது”. பிடி சரியில்லையோ, என் கண் போய்விட்டதோ, கனடாவுக்குப் போகிறவர் புறப்படுகிற நாள் வருகிறதே என்று நான் நித்திரையில்லாமல் கிடந்தேன். அந்த மனிதரும் வந்தார். அன்ரி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, வேலை இன்னும் முடியவில்லை என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். எனக்குத் தலை குனிந்தது. குசினிக்குள் வந்து அழுதேன். எங்களால் அவருடைய மகனின் கலியாணத்துக்குச் சாமான் போகவில்லையே. இவர் கல்லைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார், “சரோ, அது தட்டேல்லை. முதல் நாளே தட்டேல்லை. அது அவவுக்கும் தெரியும்.”

எனக்கு அப்போதும் சரியாக விளங்கவில்லை. வேண்டுமென்று ஒருவர் தன் சாமானைக் குறை சொல்வாரா? அதுவும் மாமாவுடையதை? கலியாணம் முடிந்த செய்தி தொலைபேசியில் வந்தது. அன்று அன்ரி பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு வந்தார். நாங்கள் இருவரும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்தோம். எழும்பப் போன இவரை இருக்கச் சொன்னார். மகன் பிளாஸ்ரிக் ரேசரால்தான் வழித்தானாம், காதடியில் ஒரு வெட்டுக் காயமும் உண்டாம், வீடியோவில் தெரியும் என்று சொன்னானாம். சொல்லிவிட்டுப் பலகையில் இருந்த கத்தியை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, மடித்தார். சத்தமே இல்லை. அலகு நடுவில் போய் நின்றது மூன்று பேருக்கும் தெரிந்தது. தெருவில் ஏதோ வாகனம் நின்ற சத்தம் கேட்க, அன்ரி கத்தியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தார். அது போகும் வரை பொறுத்திருந்து, கத்தியை இவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: “இன்னும் தட்டுது தம்பி. நாளைக்கும் வந்து பாரும். பின்னேரம் மட்டும் நேரத்தோட வெளிக்கிட்டிடும், எனக்குப் பயம்.”

குறை சொல்லாத வாடிக்கையாளர் வேண்டுமென்று நேர்ந்துகொள்கிறவர்கள் நேர்ந்துகொள்ளட்டும், அந்தச் சண்டைக் காலத்தில் நானும் என் மனுசனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து உண்ட சோறெல்லாம் ஒருவர் சொன்ன பொய்க் குறையின் தயவில் கிடைத்ததுதான்.